நைனியப்பரும் அக்கா மகளும்

அக்கா மகள் போன் பண்ணியிருந்தாள். எடுத்த எடுப்பிலேயே கேள்வி: "மாமா, ஆறு மாசத்துல பிரெஞ்சு கத்துக்க முடியுமா?"

நான் எம். புதுப்பட்டிக்காரன். சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் காலண்டர் கணக்கு பார்க்கிறவன். எனக்கும் பிரெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? ஆனா வீட்டுல "பழைய புஸ்தகம் படிக்கிற மாமா" என்று ஒரு பேர் இருக்கே, அதைக் காப்பாத்தணும்ல :-)

விஷயம் இதுதான். சென்னையில் வேலை பார்க்கும்போது பழக்கமான பையனோட கல்யாணம் நிச்சயமாகியிருக்கு. பையன் வீட்டுக்காரங்க புதுச்சேரி. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். புதுச்சேரியில் அப்படிப்பட்டவங்களை "சொல்தா" என்பார்கள், பிரெஞ்சில் சிப்பாய்க்கு அதுதான் பேரு. அந்தக் குடும்பத்துக்கு மூணு தலைமுறையா பிரெஞ்சுக் குடியுரிமை. பையனுக்கு வேலை பாரிஸ் பக்கம். இவளும் போகணும்.

"நீதான் ப்ளஸ் டூவுல பிரெஞ்சு எடுத்தியேம்மா?"

"எடுத்தேன் மாமா. இருநூத்துக்கு நூத்தித் தொண்ணூத்தி மூணு."

"எங்க, ஒரு நாலு வாக்கியம் சொல்லு பாப்போம்."

"ஜ மாப்பெல்..." என்று தன் பேரைச் சொன்னாள். அப்புறம் ஒரு அமைதி. அப்புறம் ஒரு சிரிப்பு. "அவ்வளவுதான் மாமா. பரீட்சை அன்னைக்கு சாயந்தரமே மறந்து போச்சு."

இது அவள் தப்பில்லை. நம்ம பக்கத்துப் பிள்ளைகள் பிரெஞ்சு எடுத்தது பேசுறதுக்கா? மார்க்குக்கு. ப்ளஸ் டூ மொத்தம் 1200 மார்க்காக இருந்த காலத்தில், தமிழில் நூத்தி எழுபதைத் தாண்ட நாக்கு தள்ளும். பிரெஞ்சில் பத்து மாசம் மனப்பாடம் பண்ணினா நூத்தித் தொண்ணூறு நிச்சயம் என்று ஒரு நம்பிக்கை. 2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்து, பத்தாம் வகுப்பு வரைக்கும் தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கினார்கள். ஆனா ப்ளஸ் ஒண்ணு வந்ததும் மாத்திக்கலாம். அந்த ஒரு சந்தில் புகுந்து ரெண்டு வருஷம் பிரெஞ்சு "படித்த" கூட்டம் சின்னதில்லை. மொழியைச் சீக்கிரமா கத்துக்கிற வழி அது இல்லை. சீக்கிரமா மறக்கிற வழி வேணும்னா சொல்லலாம்.

அவள் கேள்வி மனசுல ஓடிக்கிட்டே இருந்தது. நம்ம ஆட்கள் இதுக்கு முன்னாடி பிரெஞ்சை எப்படித்தான் கத்துக்கிட்டாங்க? தெரியாதவங்க என்ன ஆனாங்க? தேடிப் படிக்கப் படிக்க முதல்ல வந்து நின்னது ஒரு சாவு.

1716, புதுச்சேரி. பிரெஞ்சுக் கும்பினிக்குத் தலைமைத் தரகர் நைனியப்பப் பிள்ளை. நம்ம ஆட்கள் "துபாஷி" என்று சொல்கிற உத்தியோகம். துவி-பாஷை, ரெண்டு பாஷைக்காரர். வெள்ளைக்காரனுக்கு நெசவாளியிடம் துணி வாங்கித் தர்றது, நவாபு ஆட்களிடம் பேசுறது, ஊர் நியாயம் பார்க்கிறது, எல்லாம் இவர் கையில். பெரிய பணக்காரர். ஆனா அவருக்குப் பிரெஞ்சு தெரியாது!

ஆச்சரியமா இருக்குல்ல? அந்தக் காலத்தில் கடற்கரை வியாபாரம் முழுக்க ஓடினது போர்த்துகீசில். நம்ம ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் அந்த வழியா வந்த சொற்கள்தான். பிரெஞ்சுக்காரனே தமிழனோடு பேச அரைகுறை போர்த்துகீசைத்தான் பிடித்தான். நைனியப்பருக்குத் தமிழும் போர்த்துகீசும் போதுமாக இருந்தது. அவர் மேல் வழக்கு வருகிற வரைக்கும்.

கவர்னர் எபேருக்கும் அவருக்கும் ஆகாமல் போச்சு. ஜேசுயிட் சாமியார்களுக்கு வேற கணக்கு: தலைமைத் தரகர் கிறிஸ்தவராக இருக்கணும், இவரோ இந்து. 1716 பிப்ரவரியில் பிடித்து உள்ளே போட்டார்கள். கலகத்தைத் தூண்டினார், பணத்தில் மோசடி செய்தார் என்று குற்றச்சாட்டு. விசாரணை ஆவணமெல்லாம் பிரெஞ்சில். சாட்சிகளை விசாரிக்கும்போது மொழிபெயர்த்தது யார் தெரியுமா? ஜேசுயிட்களிடம் வேலை பார்த்த உபதேசியாரின் மகன். அதாவது எதிர்த்தரப்பு ஆள்! தமிழில் சொன்னது காகிதத்தில் பிரெஞ்சாக இறங்குகிறது. இறங்கினது என்னன்னு சொன்னவனுக்கே தெரியாது. புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள் என்று சில சாட்சிகள் பிறகு சொன்னார்கள்.

தீர்ப்பு: கடைவீதியில் வைத்து ஐம்பது கசையடி, மூணு வருஷம் சிறை, சொத்து பறிமுதல். மனுசன் மூணு வருஷம் தாங்கவில்லை. 1717-ல் சிறையிலேயே செத்துப் போனார்.

இதைப் படித்த அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அவர் குற்றவாளியா இல்லையா என்பது ஒரு பக்கம். தன் உயிர் சம்பந்தப்பட்ட பேச்சு தன் முன்னாலேயே நடக்குது, அதில் ஒரு வார்த்தையும் புரியலைன்னா எப்படி இருந்திருக்கும்?

அவர் மகன் குருவப்பப் பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? கப்பல் ஏறி பிரான்சுக்கே போனார். அங்கே ஞானஸ்நானம் வாங்கினார். அப்போ ராஜாவுக்குப் பதிலாக ஆட்சி நடத்திக்கொண்டிருந்த ஓர்லியன் கோமகன்தான் ஞானத்தகப்பன்! செவாலியே பட்டத்தோடு ஊர் திரும்பி, அப்பா உட்கார்ந்த அதே உத்தியோகத்தில் உட்கார்ந்தார். (நம்ம சினிமாக்காரங்களுக்கு இந்தக் கதை எப்படித் தப்பிச்சது?) அப்பா மேல் விழுந்த தீர்ப்பும் ரத்தாயிற்று, செத்த பிறகு. குருவப்பர் ரொம்ப நாள் இருக்கவில்லை. 1724-ல் காலமாகிவிட்டார்.

நைனியப்பரோடு சேர்த்து மாட்டினவர்களில் ஒருத்தர் அவர் மச்சினர் திருவேங்கடம் பிள்ளை. அந்தத் திருவேங்கடத்துக்கு 1709-ல் பிறந்த ஒரு பையன். வழக்கு நடந்தபோது ஏழு வயசு. பேரு ஆனந்தரங்கன். ஆமாங்க, நாட்குறிப்பு எழுதின அதே ஆனந்தரங்கப் பிள்ளை!

இவர் டைரியைப் பத்தி நம்ம ஆட்கள் நிறைய எழுதியாச்சு. 1736 செப்டம்பரில் ஆரம்பித்து 1761 வரைக்கும், ஏறத்தாழ கால் நூற்றாண்டு. 1747-ல் கவர்னர் துய்ப்ளேக்ஸ் இவரைத் தலைமைத் துபாஷி ஆக்கினார். பிரெஞ்சுக்காரர்களோடு பேசுவதே பிழைப்பு. ஆனா டைரி தமிழில். அதுவும் சுத்தத் தமிழ் இல்லை, நம்ம பேசுற மாதிரி ஒரு தமிழ். நடுவில் பிரெஞ்சுக்காரன் பேருக்கு முன்னால "முசே" என்று போடுவார். மெஸ்யோ என்பது காதில் விழுந்தபடி முசே! எழுத்தைப் பார்த்துப் படித்திருந்தால் அப்படி வராது. இதை நான் ஒரு முக்கியமான தடயமாக எடுத்துக்கறேன். மனுசன் காதால் கத்துக்கிட்டவர். புஸ்தகமில்லை, பரீட்சையில்லை. கிடங்கு, துறைமுகம், கவர்னர் மாளிகை, தினமும் பேரம்.

இன்னொரு சுவாரசியம். துய்ப்ளேக்ஸின் மனைவி ழான் புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் தெரியும். இதனால் பிள்ளைக்கு எவ்வளவு தலைவலி என்று டைரியைப் படித்தால் தெரியும். துபாஷி இல்லாமலே ஊர்க்காரர்கள் நேரா மதாமிடம் போய்ப் பேசிவிட்டால் துபாஷிக்கு என்ன மரியாதை? மொழி தெரிஞ்சவன் நடுவில் நிற்கிறான். நடுவில் நிற்கிறவன் கையில் கதவு. கதவுக்கு இன்னொரு சாவி கிடைச்சா அவனுக்குப் பிடிக்காது. நம்ம தாலுகா ஆபீஸ் வாசல்ல பெட்டிஷன் எழுதுற அண்ணாச்சியை நினைச்சுக்குங்க, புரிஞ்சுடும்.

பிள்ளை 1761 ஜனவரியில் காலமானார். சில நாளில் புதுச்சேரி இங்கிலீஷ்காரன் கையில் விழுந்தது.

அதுக்கு அடுத்த நூற்றாண்டில் பள்ளிக்கூடம் வழியாகப் பிரெஞ்சு வந்தது. 1826-லேயே புதுச்சேரியில் அரசுக் கல்லூரி வந்தாச்சு. தமிழ் வக்கீல்கள் வந்தார்கள். அதில் ஒருத்தர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. பிரெஞ்சுச் சட்டம் படித்தவர், கோர்ட்டில் பிரெஞ்சில் வாதாடுகிறவர். 1873-ல் நம்ம ஊர் உடையோடு காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். உள்ளூர் உடையென்றால் வெறுங்காலோடுதான் வரணுமாம், நீதிபதி வெளியே போகச் சொல்லிவிட்டார். மனுசன் விடவில்லை. பாரிஸ் மேல்கோர்ட்டு வரைக்கும் வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார். நைனியப்பருக்கு முடியாதது இவருக்கு முடிந்தது. நடுவில் ஒன்றரை நூற்றாண்டு, கூடவே மொழி. அதே சமயம், அவ்வளவு நல்ல பிரெஞ்சு பேசினவரையும் முதலில் காலைத்தான் பார்த்திருக்கிறார்கள், அதையும் சொல்லணும்.

எல்லாரும் வக்கீல் ஆகவில்லை. ரியூனியன் தீவுக்குக் கரும்பு வெட்ட, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறின தமிழர்கள் கத்துக்கிட்டது கிரியோல். தோட்டத்தில் வேலை வாங்குறவன் போட்ட சத்தத்திலிருந்து பொறுக்கின மொழி. ரொம்ப வேகமாகத்தான் கத்துக்கிட்டாங்க. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் போச்சு. வேகமாகக் கத்துக்கிறது எல்லாமே நல்ல கதை இல்லை.

புதுச்சேரி 1954 நவம்பர் 1-ல் கைமாறினது, சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16-ல். அப்போ ஆறு மாசத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேணும்னு எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் ஆனார்கள். நம்ம மாப்பிள்ளையின் தாத்தா அந்தக் கணக்கு. பாஸ்போர்ட் பிரெஞ்சு, வீட்டுப் பேச்சு தமிழ், பென்ஷன் வாங்குற இடத்தில் மட்டும் நாலு வார்த்தை பிரெஞ்சு. இப்படியும் ஒரு வாழ்க்கை.

1983-க்குப் பிறகு பாரிசுக்குப் போன ஈழத்தமிழர்கள் கதைதான் என்னைத் திரும்பவும் நைனியப்பரிடம் கொண்டுவந்து விட்டது. அகதி விண்ணப்பம் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்கணும். எந்த ஊர், யார் பிடிச்சா, எங்க வச்சு அடிச்சா, அண்ணன் எப்படிச் செத்தான் என்று எல்லாத்தையும் தெரியாத மொழியில். அதனால் மொழிபெயர்ப்பாளரிடம் போய் உட்காரணும். அவர் எழுதினதில் ஒரு தேதி மாறிப்போனா, "முன்னுக்குப் பின் முரண்" என்று விண்ணப்பம் தள்ளுபடியாகவும் வழி உண்டு. 1716-ல் புதுச்சேரியில் நடந்தது இதுதானே? சொல்றது ஒருத்தன், எழுதுறது ஒருத்தன், தண்டனை சொன்னவனுக்கு.

அப்புறம் லா ஷப்பேல் பக்கம் கடைத்தெரு வந்தது, கோயில் வந்தது, தேர் ஓடினது. தமிழிலேயே வாழ்ந்துவிடலாம் என்று ஆனது. ஆனா ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் என்ன பண்றது? பள்ளிக்கூடம் போற பிள்ளையைக் கூட்டிட்டுப் போனார்கள். எட்டு வயசுப் பிள்ளை டாக்டர் முன்னாடி நின்னு அம்மாவோட வயித்து வலியை பிரெஞ்சில் சொல்லும். துபாஷி உத்தியோகம் திரும்ப வந்தாச்சு, இந்தத் தடவை பள்ளிக்கூடப் பையோடு. 2015-ல் கான் படவிழாவில் தங்கப் பனை வாங்கின "தீபன்" படத்தில், மொழி தெரியாத நாட்டுல அகதிக் குடும்பம் படுற பாட்டைப் பார்க்கலாம். பார்க்காதவங்க பாருங்க.

இதையெல்லாம் அக்கா மகளுக்கு போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சைக் காணோம்.

"அப்ப எனக்கு அவர்தான் துபாஷியா மாமா?"

அவர் என்றால் மாப்பிள்ளை. நல்ல பையன்தான், குறை ஒண்ணுமில்லை. ஆனா பேங்குக்கும் டாக்டருக்கும் வேலைக்கும் எல்லாத்துக்கும் அவர் வாயாலேயே பேசணும்னா? பிரான்சிலும் சட்டம் இறுகியாச்சு. 2024 ஜனவரியில் வந்த குடியேற்றச் சட்டப்படி, 2026 ஆரம்பத்திலிருந்து பல வருஷ அட்டைக்கு ஏ2 நிலை பிரெஞ்சு, பத்து வருஷ அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று ஏத்திவிட்டார்கள். ஏ1 என்பது பேர் ஊர் சொல்ற அளவு. ஏ2 கடைக்குப் போய் வர்ற அளவு. பி2-ன்னா பேப்பர் படிச்சு வாக்குவாதம் பண்ணணும்.

சரி, வழிக்கு வருவோம். ஆனந்தரங்கர் வழியைத்தான் பிடிக்கச் சொன்னேன். முதல் மாசம் எழுத்தைப் பார்க்கவே கூடாது, காது மட்டும். பிரெஞ்சு எழுத்து ஆளைக் கவுத்துடும். தண்ணிக்கு அவங்க சொல்றது வெறும் "ஓ". அதை எழுத மூணு எழுத்து, மூணும் உயிரெழுத்து, அதில் ஒண்ணுகூட "ஓ" மாதிரி கேட்காது! காதில் முதலில் ஏத்திக்கிட்டா, எழுத்து பின்னால் தானா வரும்.

காதால் கத்துக்கிறதில் தமிழனுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. இங்கிலீஷ்காரன் பிரெஞ்சின் மூக்கொலிக்கு முக்கி முனகுவான். நமக்கு அது வீட்டுச் சரக்கு. "வந்தான், வந்தேன், வந்தோம்" மூணையும் சாதாரணமாப் பேசிப் பாருங்க. கடைசியில் ன்-னும் ம்-மும் வாயில் வருதா? வராது. உயிரெழுத்து மூக்கு வழியா இழுபடும், அவ்வளவுதான். பிரெஞ்சின் மூணு முக்கியமான மூக்கொலியும் கிட்டத்தட்ட அங்கேயே இருக்கு. வெள்ளை "பிளான்" வந்தான் மாதிரி, ஒயின் "வேன்" வந்தேன் மாதிரி, நல்லது "போன்" வந்தோம் மாதிரி. நான் இதைக் கண்டுபிடிச்சப்ப பிரஸ்ஸுல எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க, வந்தான் வந்தேன்னு தனியாப் புலம்பினா பின்ன?

அவங்க "த" நம்ம "த" மாதிரியே பல்லில் நாக்கு படும். ப, த, க மூணிலும் இங்கிலீஷ்காரன் மாதிரி காத்து ஊதக்கூடாது, நம்ம ஊதுறதும் இல்லை. நீ, நீங்க என்ற வித்தியாசத்தை விளக்கவே வேண்டாம். நீ-க்கு "த்யூ", நீங்க-வுக்கு "வூ". மாமியாரை எப்படிக் கூப்பிடணும்னு இங்கிலீஷ்காரிக்குத்தான் பாடம் எடுக்கணும். எழுதுறது ஒண்ணு பேசுறது ஒண்ணு என்பதும் நமக்குப் பழசு. புஸ்தகத்தில் "எனக்குத் தெரியாது" என்பதற்கு நாலைஞ்சு சொல் வரிசையா நிற்கும், தெருவில் "ஷே பா" என்று முடிந்துவிடும். வந்துகொண்டிருக்கிறேன், வந்துக்கிட்டிருக்கேன் கணக்குதான். பள்ளிக்கூடத்தில் முதலாவதை மட்டும் சொல்லித்தந்ததால்தான் 193 மார்க்குக்காரிக்குப் பேச வரலை.

கஷ்டம் இல்லாமலா? மேஜை பெண், புஸ்தகம் ஆண். அஃறிணைக்கு ஆண் பெண் பார்க்காத நமக்கு இது பெரிய ரோதனை. ஒவ்வொரு பேர்ச்சொல்லையும் அதன் முன்னொட்டோடு சேர்த்தே மனசில் போடணும், வேற வழியில்லை. உதட்டை "ஊ"வுக்குக் குவிச்சு வச்சுக்கிட்டு "ஈ" சொல்ற ஒரு ஒலி உண்டு, கண்ணாடி முன்னாடி பழகச் சொன்னேன். எண் இன்னும் வேடிக்கை: எழுபது என்பது "அறுபது பத்து", எண்பது "நாலு இருபது", தொண்ணூத்தி ஏழு "நாலு இருபது பதினேழு". மளிகைக் கடையில் மீதிச் சில்லறை வாங்குறதுக்குள்ள மனக்கணக்கு போடணும். சிரிக்காதீங்க, நூறு வர்றதுக்கு முன்னாடியே தொண்ணூறுக்குள் நூறைக் கொண்டுவந்து வச்சவங்க நாம.

சொற்களுக்குப் பயமே வேண்டாம். 1066-ல் நார்மண்டிக்காரன் இங்கிலாந்தைப் பிடித்ததிலிருந்து பிரெஞ்சுச் சொற்கள் இங்கிலீஷுக்குள் ஆயிரக்கணக்கில் புகுந்தாச்சு. நேஷன், டேபிள், பாஸ்போர்ட் எல்லாம் உச்சரிப்பு மட்டும் மாறும். நம்ம வீட்டு பீரோகூட மூலத்தில் பிரெஞ்சுதான்.

இதெல்லாம் சொல்லி முடிச்சாலும், வேகம் வர்றது வேற இடத்திலிருந்துதான் என்று எனக்குத் தோணுது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய், எட்டு மாசத்தில் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தார்கள். இங்கே வானம் பார்த்த பூமி, வேற பிழைப்பில்லை. அந்த எட்டு மாசத்துக்கு ஒரு பரீட்சை வச்சு மார்க் போட்டிருந்தா எவ்வளவு வந்திருக்குமோ!

அஞ்சு மாசம் ஓடிப்போச்சு. தினமும் ராத்திரி வாட்சப்பில் ஒரு நிமிஷம் பிரெஞ்சில் பேசி அனுப்புவாள். எனக்குப் பாதி புரியாது, ஆனா ஜ மாப்பெல்-ஐத் தாண்டி ரொம்ப தூரம் போயாச்சு என்பது தெரியும். மாப்பிள்ளையோடு ஞாயித்துக்கிழமை தமிழ் பேசக்கூடாது என்று அவளே ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். முதல் சண்டையும் பிரெஞ்சிலேயே வந்ததாம். ஜெயிச்சது யார் என்று மட்டும் சொல்ல மாட்டேங்கிறாள்.

போன வாரம் ஊருக்கு வந்திருந்தாள். விசா வந்தாச்சு. எங்க அம்மா திண்ணையில் உட்கார்ந்து வெத்தலை போட்டுக்கிட்டே கேட்டுச்சு: "ஏட்டி, அந்த ஊருல வெடிக்கு என்ன சொல்லுவாக?"

"பெத்தார், அம்மாச்சி."

"அப்படின்னா?"

இவள் என்னைப் பார்த்தாள், நான் மோட்டு வளையைப் பார்த்தேன். அப்புறம் அம்மாச்சி காதுக்கிட்ட குனிஞ்சு சொன்னாள். அந்தச் சொல்லின் வேர் வேற ஒண்ணுமில்லை, வயித்துக் காத்து பிரியுற சத்தம்தான்.

எங்க அம்மா வாயில் இருந்த வெத்தலை புரையேறி, தண்ணி குடுத்து, தலையில தட்டி, அரை மணி நேரம் ஆச்சு நிதானத்துக்கு வர. இப்ப தெருவில் யார் சரம் கொளுத்தினாலும் "பெத்தார், பெத்தார்" என்று தானா சிரிச்சுக்கிட்டிருக்கு. எழுவத்தெட்டு வயசில் ஒரே நாளில் ஒரு சொல், மறக்கவே இல்லை.

கொசுறு: வாணவேடிக்கை முடியும்போது மொத்தமா வானத்தை நிரப்புற கடைசி ஆட்டம் இருக்குல்ல, அதுக்குப் பிரெஞ்சில் "பூக்கே". கல்யாணத்துக்குக் கையில் குடுக்கிற அதே பூங்கொத்து. சிவகாசிக்காரங்க குறிச்சு வச்சுக்கலாம்.